மண்டபம் கேம்ப், இரவு ஷிஃப்ட்

ஐஸ் கம்பெனி மாடியில் பதினோரு நாற்காலி.
கீழே கட்டி உடைக்கிற சத்தம்,
மேலே மவுஸ் சத்தம்.
மீன் வாடை இரண்டு தளத்துக்கும் பொது.

உள்ளே போகுமுன் முகத்தைக் காட்ட வேண்டும்.
கண் சிமிட்டு என்கிறது, சிமிட்டுகிறேன்.
இடப்பக்கம் திரும்பு, திரும்புகிறேன்.
நான் மனுஷிதான் என்று
தினமும் ஒன்பதரை மணிக்கு
ஒரு மெஷின் ஒப்புக்கொள்கிறது.

ஊர்ப் பெயரில் ஒட்டியிருக்கிற கேம்ப் எதன் கேம்ப்
என்று கேட்டாள் பஜ்ரியா, தொண்டிக்காரி.
சிலோன் தோட்டத்துக்குப் போனவர்களை
இங்கேதான் நிறுத்திவைத்தார்கள் என்றேன்.
அம்மை குத்தி, துணியை ஆவியில் போட்டு,
பெயருக்கு முன்னால் நம்பர் எழுதி,
கங்காணி தலையை எண்ணிய பிறகு கப்பல்.
அவள் தன் ஐடி கார்டைத் திருப்பிப் பார்த்தாள்.
ஏழு இலக்கம். பெயர் இல்லை.
"நமக்கு ஊசி போடலியே" என்று சிரித்தாள்.

எங்கள் கங்காணி கார்மேகம் அண்ணன்.
நல்ல மனுஷன், பரமக்குடியில் வட்டிக் கடன்.
முதலாளி எந்த நாடு என்று கேட்டால்
கிளையன்ட் என்பார்,
அதுவே ஒரு நாடு மாதிரி.

வேலை இதுதான்:
வானத்திலிருந்து எடுத்த கடல் வரும்.
மிதப்பதைச் சுற்றிக் கட்டம் வரைய வேண்டும்.
கட்டத்துக்கு எழுபது பைசா.
தொண்ணூற்றைந்து மார்க்குக்குக் கீழே போனால்
கட்டமெல்லாம் அவர்களுக்கு, காசு கிடையாது.
சங்கு குளித்த காலத்தில்
ஒரு இரும்பு வளையம் வைத்திருந்தார்களாம்.
அதற்குள் நழுவிய சங்குக்குக் கூலி இல்லை.
முங்கியவன் பிடித்த மூச்சு என்னவோ
ஒரே மூச்சுதான்.

பட்டியலில் சரக்குக் கப்பல் உண்டு.
உல்லாசப் படகு உண்டு, அதிலேயே மூன்று வகை.
வல்லம் இல்லை. வத்தை இல்லை.
தெர்மாகோல் மேல் குந்தி நண்டு வலை இழுக்கிற
எங்கள் தெரு ஆட்கள் இல்லை.
எல்லாம் 'மற்றவை'.
ஒரு வார்த்தை சேர்க்கலாமா என்று எழுதிக் கேட்டேன்.
நாலாம் நாள் பதில் வந்தது,
ரொம்ப மரியாதையாக,
நன்றி மட்டும்.

போன வருஷம் குரலை வாங்கினார்கள்.
ஆயிரம் வாக்கியம் வாசித்தேன்.
'அங்கிட்டு' பிழை. 'வந்துருச்சு' பிழை.
இப்போது என் போனிடம் வாய்திறந்து ஒன்று கேட்டால்
புரியவில்லை, மீண்டும் சொல்லுங்கள் என்கிறது,
பக்கத்து நாற்காலி ரெக்ஸலினின் குரல் சாயலில்.

நேற்று ராத்திரி ரெண்டு மணி.
நாலாயிரத்துச் சொச்சமாவது படம்.
கச்சத்தீவுக்கு அந்தப் பக்கமா இந்தப் பக்கமா,
தண்ணீரில் கோடு தெரியாது.
ஒரு வல்லம்.
அணியத்தில் நீலத் தார்ப்பாய்,
மூலையில் மஞ்சள் புள்ளி.
புள்ளி இல்லை, ஒட்டு.
உர மூட்டையைக் கிழித்து
சித்திரையில் நான் தைத்தது.

கொழுந்தன் நம்புராஜன் அதற்குள் இருக்கலாம்,
தூங்கிக்கொண்டிருக்கலாம்.
படம் எடுத்த நாள் எங்களுக்குச் சொல்வதில்லை.
யார் வாங்குகிறார்கள் என்பதும்,
வாங்கி என்ன செய்வார்கள் என்பதும்.

அம்புக்குறி அவன் மேல் ஆடிக்கொண்டே நின்றது.
மற்றவை என்று போட்டால் எழுபது பைசா.
பட்டியலின் அடியில்
யாரும் தொடாத வார்த்தை ஒன்று கிடந்தது:
மேகநிழல்.
போட்டேன்.

காலையில் மார்க்,
தொண்ணூற்று நாலு புள்ளி எட்டு.
கார்மேகம் அண்ணன் ஒன்றும் சொல்லாமல் டீ வாங்கித் தந்தார்,
பிறகு என் ராத்திரியைக் கணக்கிலிருந்து அடித்தார்.

தண்டவாளம் தாண்டி வடகடல் பக்கம் வந்தேன்.
நம்புராஜன் வலையைத் தட்டிக்கொண்டிருந்தான்.
"என்ன மதினி, தூங்கலையா?"
ராத்திரி நீ மேகத்தின் நிழலாக இருந்தாய் என்று
அவனிடம் எப்படிச் சொல்ல.
நண்டு இருக்கா என்று கேட்டேன்.